சப்மிட் பட்டனின் மேலான கவனத்திற்கு

அனுப்புநர்:
தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்துபவன்.

பெறுநர்:
இணையவழி விண்ணப்பப் படிவப் பிரிவின் உயர் அலுவலர் அவர்கள். (துறையின் பெயரை எழுதவில்லை. ஒரு துறையை எழுதினால் மற்ற துறைகள் தங்களை விட்டுவிட்டதாக வருத்தப்படும்.)

பொருள்: தங்கள் படிவத்தின் அயராத கண்டிப்பைப் பாராட்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் படிவம் சிவப்பு எழுத்தில் காட்டிய அறிவிப்புகள், பல்வேறு நாட்கள்.

ஐயா / அம்மையீர்,

இந்த மனுவைத் தங்கள் தளத்தின் குறைதீர்ப்புப் பக்கத்திலேயே பதிந்திருக்க வேண்டும். பதிந்து பார்த்தேன். தமிழில் அடித்ததும், "சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை" என்று வந்தது. எது அந்தக் குறியீடு என்று பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். முதல் எழுத்தையும் அழித்த பிறகுதான் சிவப்பு மறைந்தது. தமிழ் முழுவதையும் சிறப்பானது என்று அறிவித்திருக்கும் முதல் துறை தங்களுடையதுதான். நன்றி. ஆகவே தபாலில் அனுப்புகிறேன்.

படிவத்தின் கண்டிப்பை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் பெற்றவன் நான். முதலில் பெயர்க் கட்டம். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் மட்டுமே பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பதாரர் சின்ன எழுத்தில் அடித்தாலும், படிவத்தோடு வந்து எங்கள் பிரவுசரில் ஓடும் தங்கள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உடனே பெரிதாக்கிவிடுகிறது. நல்ல ஏற்பாடு. தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண் வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் மதிப்பெண் சான்றிதழில் 'ழ'வுக்கு இசட், ஹெச் என்று இரண்டு எழுத்து. என் கடைப் பையன் எல் போட்டுவிட்டான். திரும்பப் போய் எல்-ஐ அழித்து, இசட் அடித்தான். இசட் சரியான இடத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்த கையோடு கர்சர் பெயரின் கடைசிக்கு ஓடிவிட்டது. அடுத்து அவன் அடித்த ஹெச் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. திரையில் இருந்ததை அந்தப் பெண் வாய்விட்டுப் படித்தார்: "தமிஸ்செல்விஹ்." கடையில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நடப்பது இதுதான். ஒவ்வொரு சாவியிலிருந்து விரலை எடுக்கும்போதும் ஸ்கிரிப்ட் கட்டத்தில் இருப்பதை மொத்தமாக உருவி, பெரிய எழுத்தாக்கி, மறுபடி கட்டத்தில் போடுகிறது. புதிதாகப் போட்டதால் கர்சர் எங்கே நின்றது என்பது பிரவுசருக்கு மறந்துபோகிறது. படபடவென்று அடிப்பவர்கள், இரண்டாவது சாவியை முதல் விரல் எழும் முன்பே தொட்டுவிடுவதால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கும் பெரியவர்கள்தான் மாட்டுகிறார்கள். பெரிய எழுத்தாகக் காட்டுவதுதான் நோக்கமென்றால், பக்கத்தின் தோற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி போதும். பெரிய எழுத்தாகச் சேமிக்கும் வேலையைச் சர்வர் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதில் கண்டிப்பு வெளியே தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது "கடைசிப் பெயர்" என்னும் கட்டம். சிவப்பு நட்சத்திரம் போட்டது. காலியாக விடக் கூடாது. குறைந்தது 3 எழுத்து வேண்டும். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். இனிஷியலைப் போட்டால் 3 எழுத்து இல்லை. புள்ளி வைத்தால், புள்ளி சிறப்புக் குறியீடு. இதனால் எங்கள் தாலுகாவில் முருகன் முருகன்களும் லட்சுமி லட்சுமிகளும் நிறைய உருவாகியிருக்கிறார்கள். ரேஷன் கார்டில் ஒற்றையாகவும் தங்கள் சான்றிதழில் இரட்டையாகவும் இருக்கும் இவர்கள், இரண்டு பேரும் ஒருவரே என்று சான்று வாங்க அதே தாலுகா ஆபீசுக்கு வருகிறார்கள். வியாபாரம் எனக்குத்தான். ஆகவே இதைக் குறையாகச் சொல்லவில்லை.

புள்ளியை ஏன் தடுக்கிறீர்கள் என்று உதவி எண்ணில் கேட்டேன். "செக்யூரிட்டி, சார்" என்றார்கள். மரியாதையுடன் ஒன்று சொல்கிறேன். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், "நீங்கள் பதிந்த விவரங்கள்" என்று பெயரையும் முகவரியையும் திரும்பக் காட்டுகிறீர்கள் அல்லவா? பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். முகவரியில் எழுதியதை அப்படியே இன்னர்ஹெச்டிஎம்எல் வழியாகப் பக்கத்தில் போடுகிறது தங்கள் ஸ்கிரிப்ட். அப்படிப் போட்டால் பிரவுசர் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளாது; பக்கத்தின் உறுப்பாகவே எடுத்துக்கொள்ளும். விவகாரமான ஆள் யாராவது முகவரிக் கட்டத்தில் தெருப்பெயருக்குப் பதில் அதற்கேற்ற வடிவில் நிரல்துண்டை எழுதினால், அது அங்கேயே ஓடும். அதே துண்டு சர்வரில் சேமிக்கப்பட்டு, தங்கள் அலுவலர் அந்த விண்ணப்பத்தை இதே முறையில் திறந்தால், அவர் கம்ப்யூட்டரிலும் ஓடும். டெக்ஸ்ட்கன்டென்ட் என்று மாற்றினால் எழுத்து எழுத்தாகவே நிற்கும். இனிஷியலுக்குப் பின்னால் வரும் புள்ளி இதுவரை யாருடைய சர்வரையும் கவிழ்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

சான்றிதழில் அச்சாகும் பெயருக்கென்று தமிழ்க் கட்டமும் ஒன்று வைத்திருக்கிறீர்கள். படிவத்திலேயே தமிழ் நுழையக்கூடிய ஒரே இடம். அங்கே வரம்பு 15 எழுத்து. பாலசுப்பிரமணியன் என்று ஒருவர் வந்தார். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: பா, ல, சு, ப், பி, ர, ம, ணி, ய, ன். மொத்தம் 10. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டின் கணக்கில் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி ஆட்கள். அதற்கு இந்தப் பெயர் 16. வரம்புக்கு மேல் போன ஒன்றைத் தங்கள் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் வெட்டியது. வெட்டுப்பட்டது கடைசிப் புள்ளி. சான்றிதழில் "பாலசுப்பிரமணியன" என்று வந்தது. மனிதர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இதை எப்படிங்க வாசிக்கிறது?" என்று கேட்டார். நான் வாசித்துக் காட்டவில்லை. பார்வைக்குத் தெரிகிற எழுத்தை எண்ணவென்றே 'இன்ட்ல் செக்மென்டர்' என்ற வசதி ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது. அதனிடம் கேட்டால் 10 என்றுதான் சொல்லும். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மாவட்டக் கட்டத்தின் அடக்கத்தையும் பாராட்டியாக வேண்டும். பின்கோடு அடித்ததும் மாவட்டம் தானாக நிரம்பி, யாரும் தொடாதபடி சாம்பல் நிறத்தில் பூட்டிக்கொள்கிறது. சப்மிட் அழுத்தினால் "மாவட்டம் காலியாக உள்ளது" என்று வருகிறது. கட்டத்தை 'டிசேபிள்' செய்து பூட்டினால், அனுப்ப வேண்டிய விவரங்களைத் திரட்டும்போது பிரவுசர் அந்தக் கட்டத்தைச் சேர்க்கவே சேர்க்காது; தங்கள் ஸ்கிரிப்ட் சோதிப்பது அந்தத் திரட்டைத்தான். 'ரீட்ஒன்லி' என்று பூட்டினால் சேர்க்கும். ஹெச்டிஎம்எல் விதி அது. தாங்களே நிரப்பி, தாங்களே பூட்டி, ஏன் காலியாக விட்டாய் என்று எங்களைக் கேட்பது நிர்வாகத்தில் புதிதல்ல என்பதால் வாடிக்கையாளர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை.

டிசம்பரில் பிறந்தவர்களைப் பற்றி இரண்டே வரி. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஜனவரி 0, டிசம்பர் 11. இதில் ஒன்றைக் கழிக்க மறந்து 12 என்று கொடுத்தால், டிசம்பர் 2006இல் பிறந்த பையனை அது ஜனவரி 2007இல் பிறந்தவனாக்கிவிடும், ஆட்சேபம் எதுவும் சொல்லாது. அப்படி ஒரு மாதம் இளமையாக்கப்பட்டு, "18 வயது நிறைவடையவில்லை" என்று திருப்பப்பட்ட ஒருவன் என் கடை வாசலில் நின்று மீசையை முறுக்கினான்.

இத்தனை கண்டிப்பும் எதற்காக? தவறான விவரம் உள்ளே வரக் கூடாது என்பதற்காக. மெத்தச் சரி. ஆனால் மழை பெய்து நெட் இழுத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் பக்கம் வந்தது. அந்த ஸ்கிரிப்ட் ஃபைல் மட்டும் வந்து சேரவில்லை. சிவப்பு எழுத்து இல்லை, கர்சர் ஓடவில்லை, எதுவும் எதையும் தடுக்கவில்லை. வாடிக்கையாளரோடு வந்த குழந்தை மவுஸை எடுத்து விளையாடியதில் சப்மிட் அழுந்திவிட்டது. பெயர் இல்லை, முகவரி இல்லை, மாவட்டம் இல்லை. தங்கள் சர்வர் அதை மனமுவந்து ஏற்று, விண்ணப்ப எண்ணும் கொடுத்து, வாழ்த்தும் சொன்னது.

அன்றுதான் எனக்கு விளங்கியது. தாங்கள் வாட்ச்மேனை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். நாற்காலியைத் தங்கள் அலுவலக வாசலில் போடாமல், விண்ணப்பதாரர் வீட்டுத் திண்ணையில் போட்டிருக்கிறீர்கள். அந்த வாட்ச்மேனுக்குச் சோறு போடுவது நாங்கள். எங்கள் கம்ப்யூட்டர், எங்கள் கரண்ட், எங்கள் பிரவுசர். அவரை எழுப்பி வெளியே அனுப்ப எவனாலும் முடியும். எஃப் 12 அழுத்தத் தெரிந்தால் போதும்: பூட்டைக் கழற்றலாம், வரம்பை மாற்றலாம், நட்சத்திரத்தை அழிக்கலாம். 'ஹிட்டன்' என்று பெயர் வைத்து ஒரு கட்டத்தில் கட்டணம் 60 என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அதையும் ஒன்று என்று திருத்தலாம். திருத்தினால் சர்வர் கண்டுகொள்ளுமா என்பதை நான் சோதிக்கவில்லை. திருத்த மாட்டேன் என்று நம்பிக் கட்டணத்தை என்னிடமே ஒப்படைத்த துறை தங்களுடையது ஒன்றுதான். ஆனால் பெயரில்லாதவருக்கே எண் கொடுத்த சர்வர் மீது எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். டயல்-அப் மோடம் காலம். படிவத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்து, ஒரு கட்டம் விட்டுப்போனதற்காக முழுப் பக்கமும் திரும்பி வருவது பெரிய தண்டனை. அனுப்பும் முன்பே, "இங்கே ஒன்று விட்டுப்போச்சு" என்று சொல்லிவிடுவது அன்று பெரிய ஒத்தாசை. படிவம் நிரப்புகிறவருக்கு உதவியாளாக வந்தவனைத்தான் தாங்கள் லத்தியைக் கொடுத்து நிறுத்தியிருக்கிறீர்கள். திருடன் அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறான். தமிழ்ச்செல்விகளும் பாலசுப்பிரமணியன்களும் அடி வாங்குகிறார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் அலுவலகக் கவுன்ட்டரில் "ஸ்டேட்டஸ் ஸ்கிரீன்ஷாட் கொண்டுவரவும்" என்று தாள் ஒட்டியிருக்கிறது. விண்ணப்ப எண்ணைச் சொன்னால் நம்புவதில்லை, ஆளே நேரில் நின்று சொன்னாலும் நம்புவதில்லை, ஸ்கிரீன்ஷாட்டை நம்புகிறார்கள். பிரவுசரின் கன்சோலில் டாக்குமென்ட், ஒரு புள்ளி, டிசைன்மோடு, சமக்குறி, மேற்கோளுக்குள் ஆன் என்று ஒரே ஒரு வரி அடித்தால், திறந்திருக்கும் பக்கம் முழுவதும் வெள்ளைத்தாள் போலத் திருத்தத் தக்கதாகிவிடும். "நிராகரிக்கப்பட்டது" என்பதன் மேல் கர்சரை வைத்து அழித்து, "ஒப்புதல் அளிக்கப்பட்டது" என்று எழுதலாம். தங்கள் முத்திரை, தங்கள் நிறம், தங்கள் முகவரிப் பட்டை எல்லாம் அப்படியே இருக்கும். சர்வரில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. பக்கத்தை ரீலோட் செய்தால் பழைய நிராகரிப்பு திரும்பி வந்துவிடும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை யாரும் ரீலோட் செய்வதில்லை.

அதாவது, உண்மையான பெயரில் உண்மையான புள்ளியை வைத்தால் தங்கள் படிவம் ஏற்காது. பொய்யான ஒப்புதலைப் படம் பிடித்துப் போனால் தங்கள் கவுன்ட்டர் ஏற்கும். இந்தச் சமன்பாட்டை வேறெந்தத் துறையும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்து நான் பார்த்ததில்லை.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பெயருக்கு ஒரே கட்டம் போதும். அதில் ஒருவர் தம் பெயரைப் புள்ளியோடும் தமிழோடும் எழுதட்டும். வங்கிக் கணக்கு எண்ணைக் காப்பி எடுத்து ஒட்டவிடாமல் தடுத்து இரண்டு முறை கையால் அடிக்கச் சொல்வதைக் கைவிடலாம்; பாஸ்புக்கைப் பார்த்து அடிக்கும் பெரியம்மா இரண்டு முறையும் ஒரே தப்பைத்தான் அடிக்கிறார். சோதனையைத் தங்கள் சர்வரில் வையுங்கள். கட்டணத்தையும் அங்கேயே வையுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் ஸ்கிரீன்ஷாட் கேட்பதற்குப் பதிலாகத் தம் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் விண்ணப்ப எண்ணை அடித்துப் பார்க்கட்டும். அந்தக் கம்ப்யூட்டர் அதற்காகத்தான் வாங்கப்பட்டது என்று டெண்டரில் எழுதியிருக்கும்.

இம்மனுவுக்குத் தாங்கள் பதில் அனுப்பச் சிரமப்பட வேண்டாம். "மனு பரிசீலிக்கப்பட்டது, அனைத்துக் கோரிக்கைகளும் நிறைவேற்றப்பட்டன" என்று தங்கள் தளத்திலேயே தெளிவாகக் காட்டும் பக்கத்தை இன்று காலை என் கடையில் எடுத்தேன். தங்கள் கவுன்ட்டரின் வழக்கப்படி இதுவே போதுமான சான்று என்பதால், கோப்பை முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
முருகன் முருகன்
(இரண்டாவது முருகன் தங்கள் படிவம் தந்தது)

இணைப்பு: ஸ்கிரீன்ஷாட் – 1, கலர் பிரின்ட்.