பிரபல தனியார் நிறுவனம்

நம் நாளிதழ்களுக்கு இரக்க குணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செல்போன் பறித்த பையன் பிடிபட்டால் அவன் பெயர், வயது, அப்பா பெயர், தெருப் பெயர், போலீசாருக்கு நடுவில் தலை குனிந்த படம் எல்லாம் வரும். அது பத்திரிகை தர்மம். ஏரியின் உள்வாயில் மண் கொட்டி மனை போட்டு விற்றவர் மேல் ஒரு தெருவே திரண்டு புகார் கொடுத்தால் மட்டும் பேனா இளகிவிடும். ‘பிரபல தனியார் நிறுவனம் மீது பொதுமக்கள் புகார்’. ஊர்? புறநகர்ப் பகுதி. உரிமையாளர்? தொழிலதிபர் ஒருவர். பக்கத்தைத் திருப்பினால் அதே தொழிலதிபர் முழுப்பக்கத்துக்குக் கைகூப்பிச் சிரிப்பார். அங்கே பெயர், முகவரி, கைபேசி எண், சைட் பார்க்க இலவச வாகனம் என ஒன்றும் விடுபடாது. செய்தி புரிய வேண்டுமானால் விளம்பரத்தைப் படிக்க வேண்டும்.

பெயர் போடும் வழக்கமே இல்லை என்று பழி சொல்லவும் முடியாது. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். அப்போது நிறுவனத்தின் பெயர் செய்தியிலேயே வந்தது. விலை தெரிந்துவிட்டது. சுவரில் விரிசல், தரைதளத்தில் தண்ணீர் என்றெல்லாம் வந்து நிற்காதீர்கள். பெயர் வேண்டுமானால் பிணத்தை எண்ணிக் காட்டுங்கள்.

இதில் நிருபரைத் திட்டிப் பயனில்லை. மாவட்டத்துப் பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வயிறு நிறைவது விளம்பரக் கமிஷனில். தீபாவளி மலர், பொங்கல் மலர், ஆண்டுவிழாச் சிறப்பிதழ் எல்லாவற்றுக்கும் டார்கெட் உண்டு. ஊரில் முழுப்பக்கம் கொடுக்க வக்குள்ளவர்கள் நகைக்கடைக்காரர், கல்லூரி முதலாளி, மனை வியாபாரி. காலையில் ஏரிக்கரையில் நின்று ஆக்கிரமிப்பைப் படமெடுக்கிறவர், சாயங்காலம் அந்த ஆக்கிரமிப்பாளரின் அலுவலகத்தில் செக்குக்காகக் காத்திருக்க வேண்டும். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததோடு, கூலியும் பாலாகவே தருவதாக ஒப்பந்தம்.

தப்பித் தவறி அவர் செய்தி அனுப்பிவிட்டாலும் ஆள் அனுப்பி யாரும் மிரட்ட மாட்டார்கள். அதெல்லாம் சினிமா. விளம்பரப் பிரிவிலிருந்து பணிவாக ஒரு போன் வரும். “அண்ணே, அந்தப் பார்ட்டி வருஷம் பூரா புக் பண்ணியிருக்காரு. கொஞ்சம் பாத்துக்குங்க.” பார்த்துக்கொள்வார்கள். நாலு பத்திச் செய்தி நாலு வரியாகும்; நாலு வரி நாளைக்கு என்று தள்ளிப்போகும். நாளைக்கு இடம் இருக்காது. விளம்பரம் வந்திருக்கும்.

வாரக் கடைசி வீடு-மனை இணைப்பிதழ் தனி உலகம். அங்கே திண்டிவனமும் சென்னைக்கு மிக அருகில்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகரான முடிச்சூரின் தெருக்களில் படகு ஓடியது. ஏரிகளை விழுங்கியது யார் என்று தலையங்கங்கள் கொதித்தன. யாரா? உங்கள் கணக்குப் பிரிவில் ரசீது இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனைகளை வருடக்கணக்காகக் கூவி விற்றுக் கொடுத்த ஏடுகள், பத்திரப்பதிவு முடங்கியது, மக்கள் தவிப்பு என்று உருகின. தவித்தவர்கள் செய்தியானார்கள். தவிக்கவிட்டவர்கள் விளம்பரமாகவே இருந்தார்கள்.

மாவட்ட எடிஷனோடு இந்த வியாதி நின்றுவிடவில்லை. விளம்பரத்துக்குக் காசுக்குப் பதில் கம்பெனியின் பங்கையே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை, டைம்ஸ் ஆஃப் இந்தியாவை நடத்தும் பென்னட் கோல்மன் தொழிலாகவே செய்தது. பங்கு வைத்திருக்கும் கம்பெனியைப் பற்றி நடுநிலையாக எழுதுவார்களா என்று 2009-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கவலைப்பட்டு பிரஸ் கவுன்சிலுக்கு எழுதியது. 2010-இல் கவுன்சிலின் துணைக்குழு, காசு வாங்கிப் போடும் செய்தி பற்றி 71 பக்க அறிக்கை கொடுத்தது. கவுன்சில் அதை அமுக்கிவிட்டுச் சுருக்கம் ஒன்றை வெளியிட்டது. மத்தியத் தகவல் ஆணையம் தலையிட்ட பிறகு, 2011-இல்தான் முழு அறிக்கை வெளியே வந்தது. ஊருக்கெல்லாம் வெளிப்படைத்தன்மை போதிக்கிற தொழில் இது!

2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்யாத திட்டத்தை விளம்பரம் செய்தால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். பொய் விளம்பரத்தை நம்பி ஏமாந்தவருக்குப் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். எல்லாம் கட்டுமானக்காரர் தலையில். அச்சடித்துக் காசு பார்த்த பத்திரிகைக்கு அந்தச் சட்டத்தில் ஒரு ரூபாய் தண்டம்கூட இல்லை.

ஆசிரியர்களே, விளம்பரம் வாங்குங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காகிதம் விற்கிற விலை எங்களுக்கும் தெரியும். நிருபருக்குச் சம்பளம் கொடுங்கள். இணைப்பிதழில் வரும் ஒவ்வொரு மனைப்பிரிவின் சர்வே எண்ணும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஏரியா, ஓடையா, மேய்க்காலா என்று பார்த்து, அந்த விளம்பரத்தின் பக்கத்திலேயே அச்சிடுங்கள். முடியாதென்றால் சந்தா வாங்குவதை நிறுத்திவிடுங்கள். மனை நோட்டீஸை எங்கள் வாசலில் இலவசமாகவே போட்டுவிட்டுப் போகிறார்கள்.