புதுசா வந்தவைக்கு ஒரு மாமாவின் அறிவுரை

தம்பி, தங்கச்சி, ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியாச்சே? நல்லது. இனி ஒரு கந்தோருக்கும் போய் மினக்கெடாதேங்கோ. 1996ல வந்த நான் இருக்கேக்க, உங்களுக்கு ஏன் வில்லங்கம்?

முதல் வேலை சின் நம்பர், அதுதான் சமூகக் காப்புறுதி இலக்கம். சேர்விஸ் கனடாவில காசு வாங்காமல் தருவினம். சும்மா கிடைக்கிற சாமானுக்கு என்ன மதிப்பு? எனக்குத் தெரிஞ்ச ஒராள் 60 டொலருக்கு அதுக்கான படிவத்தை வடிவா நிரப்பித் தருவார். அந்த 9 இலக்கத்தையும் எழுதிப் பேர்சுக்குள்ள வையுங்கோ, கேக்கிற ஆக்களுக்கெல்லாம் சொல்லுங்கோ. வீட்டில கவனமா வைக்கச் சொல்லி அரசாங்கம் சொல்லுதுதான். நாங்கள் என்ன கள்ளரே, ஒளிச்சு வைக்க?

ஹெல்த் கார்டுக்கு 3 மாதம் பொறுக்கவேணும். 2020 மார்ச்சில ஒன்ராறியோ அந்த விதியை எடுத்துப்போட்டுது எண்டு என்ர மகள் சொல்லுறாள். அவளுக்கென்ன தெரியும்? நான் பொறுத்தனான், நீங்களும் பொறுங்கோ. அதுக்குள்ள காய்ச்சல் வந்தால் மல்லித்தண்ணி இருக்குது.

வீடு எண்டால் பேஸ்மென்ட்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார், நல்ல மனுசன். முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் கேட்பார், அது சட்டப்படி சரி. அதுக்கு மேலால சேதத்துக்கெண்டு ஒரு மாதக் காசும் கேட்பார். ஒன்ராறியோவில அதுக்குச் சட்டத்தில இடமில்லை, ஆனால் முகத்துக்கு முகம் எப்பிடி மறுக்கிறது? ரசீது கேட்டு அவரின்ர மனசை நோகடிக்காதேங்கோ. தலைமாட்டில வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் இருமிக்கொண்டு கிடக்கும். அப்பிடியிருந்தும் அறை குளிரும், ஏனெண்டால் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி மேல் வீட்டுச் சுவரில. ஜன்னல் இருக்குது, அதால பக்கத்து வீட்டாற்ற சப்பாத்தும் ஸ்னோ தள்ளுற சவளும் தெரியும். குளிர்காலத்தில 21 பாகைக்குக் குறையாமல் சூடு குடுக்கவேணும் எண்டு நகரசபை விதி. 311க்கு அடிச்சால் ஆள் வந்து பார்க்குமாம். சொந்த ஊர்க்காரரில முறைப்பாடு வைக்கிறதே? இன்னொரு ஸ்வெட்டரைப் போடுங்கோ.

ஆங்கிலம்? புதுசா வந்தவைக்கான லிங்க் வகுப்பு இலவசம், பிள்ளை பார்க்கிற இடமும் சில வகுப்புகளில இருக்குது. பிறகு போகலாம், ஒண்டும் ஓடாது. நானும் பிறகு எண்டுதான் இருந்தனான். சிட்டிசன் ஆனபிறகு போய்க் கேட்டன். அது குடியுரிமை எடுக்காத ஆக்களுக்காம். அண்டைக்கு வீட்டை வந்து ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் படுத்தன், வேறென்ன செய்யிறது?

வேலைக்குப் போனால் 'கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ்' இருக்கோ எண்டு கேட்பினம். அப்பிடிக் கட்டாயப்படுத்துறது பாகுபாடு எண்டு ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013லயே சொல்லிப்போட்டுது. நீங்கள் அதைக் கதைக்காமல் தலையைக் குனிஞ்சு எழும்பி வாங்கோ. எங்கட மரியாதை எங்களுக்கு.

வருமானம் இல்லாத வருசம் வரிக் கணக்குக் காட்டாதேங்கோ. காட்டினால்தான் பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவு வரும் எண்டு சொல்லுவினம். குறைஞ்ச வருமானக்காரருக்குத் தன்னார்வலர்கள் இலவசமா நிரப்பிக் குடுக்கிற இடமும் இருக்குது. ஏப்ரல் 30 கடைசி நாள். நாங்கள் மே மாதத்தில ஆறுதலாப் பார்ப்பம்.

எல்லாத்துக்கும் என்னட்டை வாங்கோ, சாப்பாட்டு மேசையில ஃபைலோட இருப்பன். தயவுசெய்து 211க்கு மட்டும் அடிச்சுப்போடாதேங்கோ. எந்தக் கந்தோர், எந்த வகுப்பு, எந்த உதவி எண்டு ஒரு சதமும் வாங்காமல் சொல்லுவினம், மொழிபெயர்க்க ஆள் பிடிச்சுத் தமிழிலயும் கதைப்பினம். பிறகு எனக்கு ஆர் போன் எடுக்கிறது?