விசுவாசம் வாழ்க!

ஓ.எம்.ஆர். ஐ.டி. ஊழியர்களின் விசுவாசத்தை மெச்ச வேண்டும். ரெஸ்யூமைக்கூட ஆபீஸ் லேப்டாப்பில்தான் திருத்துகிறார்கள். வெளி ஆளின் கரண்ட்டைத் தொடுவதில்லை. வெளி இன்டர்வியூவின் முதல் ரவுண்டுக்கு லீவு கேட்கப் பல்வலி, இரண்டாவதற்குப் பாட்டி காரியம். பேரன் மூன்றாவது ரவுண்டுக்குத் தேறினால், பாட்டி மறுபடியும் ஒத்துழைக்கிறார்.

"அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க?"

"உங்களோடதான் சார்!" ஆபீஸ் மாடிப்படியில் நின்று, போனில் வாயைப் பொத்திக்கொண்டு சத்தியம் செய்கிறார்கள்.

நோட்டீஸ் பீரியட் 90 நாள்; புதுக் கம்பெனிக்கோ நாளையே ஆள் வேண்டும். ஆகவே, சேர்ந்த அன்றே ராஜினாமாவையும் கொடுத்துவிடுவது உத்தமம். மூன்று மாதமும் நிம்மதியாக ஆஃபர் சேர்க்கலாம்.

கடிதத்தோடு மேனேஜரைத் தேடிப் போனால், சீட் காலி. அவருக்கும் பல்வலியாம், இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினாராம்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு, அந்த சீட்டுக்கு விண்ணப்பியுங்கள்.