மூணு சென்டில் ஒரு தோப்பு

தேனியில் மூணு சென்ட் மனை வாங்கியவர் வீட்டைக் கட்டி, செப்டிக் டேங்க் தோண்டி, காரையும் நிறுத்திய பிறகு கொல்லையில் மிஞ்சுவது கயிற்றுக்கட்டில் போடும் இடம். அதில்தான் தோப்பு வைக்கப் போகிறார்.

நர்சரியில் எல்லா மரமும் முழங்கால் உயரம்தான். ஆள் ஏமாறுவது அங்கேதான். தென்னைக்குத் தென்னை 25 அடி விடச் சொல்கிறது விவசாயக் கணக்கு. ஒரு மரத்துக்கு 625 சதுர அடி, கிட்டத்தட்ட ஒன்றரை சென்ட். புளிக்கு 10 மீட்டர். இரண்டரை சென்ட் போச்சு. பாக்கி அரை சென்டில் வீட்டுக்காரர் குடியிருக்கலாம், புளி சம்மதித்தால்.

இத்தனைக்கும் கொல்லைக்கேற்ற மரம் பிறந்ததே பக்கத்துப் பெரியகுளத்தில். அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 செடிமுருங்கை, விதை ஊன்றிய ஆறேழு மாதத்தில் காய்க்கும். இரண்டரை மீட்டர் இடைவெளி போதும். ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு ஆப்பிரிக்கா வரை போய்விட்டது. உள்ளூரில் மட்டும் அது 'வெறும் முருங்கை'. கம்பளிப்பூச்சி வருமாம், ஆடிக்காற்றில் ஒடியுமாம். முருங்கைக்கொப்பு ஒடிந்தால் விளக்குமாறு போதும். தென்னமட்டை அடுத்த வீட்டுக் கார்மேல் விழுந்தால் பஞ்சாயத்துதான்.

எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலை?

"அதெல்லாம் செடிங்க. மரமா ஒண்ணு சொல்லுங்க!"

கடைசியில் போடிச் சம்பந்தி கொடுத்தனுப்பிய இலவங்கன்றை, செப்டிக் டேங்க்கை ஒட்டி நட்டிருக்கிறார். இப்போதைக்கு இடுப்பளவுதான்.