ஆங்கிலச் செய்தி எறியியல்: ஒரு முன்னாய்வு

‘போடு’, ‘அடி’ என்ற இரண்டே வினைகளை வைத்துக்கொண்டு கடிதம், போன், மெயில், தந்தி அத்தனையையும் தமிழர் சமாளித்துவிட்டனர். ஆங்கிலம் பேசுவோருக்கோ ஒவ்வொரு செய்திக்கும் தனி ஆயுதம் வேண்டியிருக்கிறது. அவற்றை வகைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எளியது ‘டிராப் மி எ லைன்’. ஊர் மாறிப் போகும் நண்பரிடம் சொல்வது. வரி வராவிட்டாலும் வழக்கில்லை. அடுத்தது ‘ஷூட் மி ஆன் ஈமெயில்’. சுடச் சொல்பவரே சுடப்படுபவர் என்பது இங்கு நோக்கத்தக்கது. கையில் காபியோடு, நடந்தபடியே சொல்வார்கள், யாருக்கும் காயமில்லை. ‘ஃபயர் ஆஃப்’ அப்படியன்று. ராத்திரி கோபத்தில் எழுதி, திரும்பப் படிக்காமல் அனுப்பிவிட்டு, விடிந்ததும் தலையில் கைவைத்துக்கொள்ளும் மெயிலுக்கே அது பொருந்தும். சம்பள உயர்வு விண்ணப்பத்தை அப்படி அனுப்பினால், ‘ஃபயர்’ வேறு பொருளில் திரும்பி வரும்.

அஃதேல், இவையெல்லாம் பேச்சு வழக்கு. எறிபடைக்கும் மெயிலுக்கும் என்ன உறவு எனின், அற்றன்று. ‘பிங் மி’ என்பதைக் காண்க. நீர்மூழ்கியைத் தேடும் சோனார் கருவியின் ஒலி அது. வலையின் மறுமுனையில் கணினி விழித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் சிறு நிரல் ஒன்றை 1983 டிசம்பரில் எழுதிய மைக் மூஸ், அவ்வொலியையே அதற்குப் பெயராக இட்டார். அவர் வேலை பார்த்த இடம் எது? அமெரிக்க ராணுவத்தின் எறிபடை ஆய்வுக்கூடம்! இதற்கு மேலும் சான்று கேட்பவர் ஆய்வுக்கே பகைவர். ‘பிங்’கின் இலக்கணமும் அந்த நிரலில் உள்ளதே: சேதி முக்கியமில்லை, ‘இருக்கேன்’ என்று எதிர்க்குரல் வந்தால் போதும். ஆகவே துக்கம் விசாரிக்க யாரையும் ‘பிங்’ செய்யலாகாது.

நம் அலுவலகங்களின் ‘ப்ளீஸ் ரிவர்ட்’ தனி இயலே கோருவது. பதில் போடுங்கள் என்றுதான் சொல்கிறோம். லண்டன்காரர் காதில் அது ‘பழைய நிலைக்குத் திரும்புங்கள்’ என்று விழக்கூடும். எந்தப் பழைய நிலை என்று நாம் குறிப்பிடுவதுமில்லை. டார்வின் பிறந்த நாட்டுக்கு இதை யோசித்தே அனுப்ப வேண்டும்.

‘ரீச் அவுட்’ என்று ஒன்று இப்போது எங்கும் புழங்குகிறது. கிரெடிட் கார்டு விற்பவர் முதல் மனிதவளத் துறை வரை எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இதில் எறிதல் இல்லை, சுடுதல் இல்லை. கை மட்டும் நீள்கிறது. கருதுகோளுக்கு ஒத்துவராமையால் இது ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது.