ஓடுதுன்னா ஆச்சா, நைனா?

இன்னா நைனா, கல்மண்டபத்துக்கே உன்னாலதான் வெளிச்சம் வரப் போவுதுன்னு பேசிக்கிறாங்க? கேரம் கிளப்புக்கு எல்இடி ஸ்கோர் போர்டு செய்யறியாமே. செய் கண்ணு. நம்ம வடசென்னைப் பொண்ணு காசிமா 2024-ல அமெரிக்கா போயி கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் தட்டினு வந்துச்சு. நாம இன்னும் சாக்பீஸ்ல ஸ்கோர் எழுதினு கீறோம்.

ஆனா போர்டு பழைய போன் சார்ஜர்ல ஜோரா எரிஞ்சுதாம், ரிச்சி தெருவுல புது எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வாங்கி மாட்டினதும் கன்னாபின்னான்னு மினுக்குதாம். கடைக்காரன் டூப்ளிகேட் குடுத்துட்டான்னு ஏசினு கீறியாம். பாவம், நல்ல சரக்கு குடுத்ததுதான் அவன் செஞ்ச குத்தம்!

போர்டை ஓட்டற உன் ஈஎஸ்பி32 சிப்பு குடுக்கறது 3.3 வோல்ட்டு. டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஸ்ட்ரிப்போ, தன் சப்ளையில 0.7 பங்கு டேட்டா பின்னுல வந்தாத்தான் அத்த 'ஒண்ணு'ன்னு எடுத்துக்கும். சார்ஜர் லோடு தாங்காம 4.6-க்கு எறங்கிச்சா, 3.22 போதும், நீ பாஸு. புதுசு கெத்தா 5 குடுக்குது, அப்ப 3.5 வேணும். டிக்கெட்டுக்கு ரெண்டு ரூவா கொறைஞ்சா கண்டக்டர் ஒரு நாள் உடுவாரு, ஒரு நாள் எறக்கி உட்டுடுவாரு, அந்தக் கதைதான்.

நடுவுல 74எச்சிடி125 ஐசி போடு. 5 வோல்ட்டு சப்ளையில, 2 வோல்ட்டு வந்தாலே 'ஒண்ணு'ன்னு ஒத்துக்கினு 5-ஆ தள்ளும். டி இல்லாத எச்சியக் குடுத்து ரெண்டும் ஒண்ணுதாம்பாங்க, தலையாட்டாத. அதுக்கும் அதே 3.5 வேணும்.

கைய ஆட்டினா ஸ்கோர் ஏறணும்னு எச்சிஎஸ்ஆர்04 சென்சார் வேற மாட்டிக்கீறியாமே! அதோட எக்கோ பின்னு 5 வோல்ட்ட அனுப்பும். ஈஎஸ்பி தாங்கறது 3.6 வரைக்குந்தான். இங்க மினுக்கறதெல்லாம் கெடையாது, பின்னே போயிடும். அதுவும் இன்னிக்கே போவாது, ஃபைனல் அன்னிக்குப் பார்த்துப் போவும். எக்கோவுலேந்து 1 கே, அங்கேந்து கிரவுண்டுக்கு 2 கே போட்டு நடுவுல எடு, 3.3 சொச்சம் வரும்.

யூடியூப்ல நேராவே மாட்டினாங்களே, ஓடுதேம்ப. ஓடும் கண்ணு. ஓடறது வேற, ஒத்துப்போறது வேற. குடுக்கறது எவ்ளோ குடுக்கும், வாங்கறது எவ்ளோ கேக்கும், எவ்ளோ தாங்கும்: டேட்டா ஷீட்டுல இத்தப் பார்த்தா வேலை முடிஞ்சுது. இன்ஜினியருக்கு நான் சொல்லணுமா இன்னா?

இத்தினியும் செஞ்சு அப்பவும் எரியலன்னா எங்கிட்ட வா. எஸ்எம்பிஎஸ் கிரவுண்டையும் ஈஎஸ்பி கிரவுண்டையும் சேர்க்க மறந்திருப்ப.