வி.வி.ஐ.பி. ஆசனம்

பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சென்ற வாரம் நடந்தேறிய வரவேற்பு வைபவத்தின்போது, முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திக் கேட்பாரற்றுக் கிடந்த சோபாக்களுள் ஒன்றில், முழங்கால் வலி காரணமாக அமர முயன்ற என்னை, கறுப்புச் சட்டையும் காதில் ஒரு கருவியும் தரித்த இளைஞர் ஒருவர் ஓடிவந்து தடுத்து, "ஏனுங்கய்யா, இது வி.ஐ.பி.ங்களுக்குங்க, சித்த பின்னால போயிருங்க" என்று மிகுந்த விநயத்துடன் விண்ணப்பித்துக்கொண்டார். விநயத்தோடு செய்யப்படும் அவமரியாதைக்கு மறுமொழி ஏது? பின்னால் போனேன். பந்தி முடிந்து தாம்பூலப் பை வாங்கும்வரை அந்தச் சோபாவில் ஓர் ஈ கூட உட்காரவில்லை என்பதை, வேறு ஜோலியின்றி, இமை கொட்டாமல் கண்காணித்தும் வந்தேன்.

இதற்குப் பரிகாரமாக ஓர் அருமையான யோசனை என்னிடம் உண்டு. அதைக் கட்டுரையின் முடிவில் சொல்லுகிறேன். அதற்குமுன் அந்த ‘வி’ என்னும் எழுத்தைப் பற்றிச் சிறிது பிரஸ்தாபிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் ஒரே ‘வி’ போதுமானதாக இருந்தது; தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும் அதைக் கொண்டே திருப்தியாக ஜீவித்தார்கள். பிறகு, விசைத்தறிக் கூடத்துக்கு ஜெனரேட்டர் வாங்கியவரெல்லாம் வி.ஐ.பி. ஆகிவிட்டபடியால், மெய்யான பிரமுகர்களைப் பிரித்துக் காட்டும்பொருட்டு இன்னொரு ‘வி’ அவசியமாயிற்று. அதையும் அச்சகக்காரர்கள் கேட்டவர்க்கெல்லாம் தாராளமாக அடித்துக் கொடுக்கவே, மூன்றாவது ‘வி’ ஜனித்தது. நூலுக்கு நம்பர் போடும் சீமைக்காரர்களாகிய நமக்கு இதன் தத்துவம் விளங்காமற் போகாது: இருபதாம் நம்பர் நூலைவிட நாற்பதாம் நம்பர் மெலிது, அறுபது அதனினும் மெலிது, நம்பர் ஏற ஏறப் பருமன் குறையும். ‘வி’யும் அவ்வாறே ஏற ஏற மனிதர் மெலிந்துகொண்டே போய், ஆறு ‘வி’ பூண்ட ஒருவர் எதிரே வந்தால் வெறுங்கண்ணுக்குப் புலப்படவே மாட்டார் என்று அனுமானிக்கிறேன். அன்றைக்கு அந்தச் சோபாவில் அப்படி ஒருவர்தாம் வீற்றிருந்தாரோ என்னவோ!

இந்த மூன்றெழுத்து எங்கேதான் இல்லை? பிரயாணப் பெட்டியின் மேல் இருக்கிறது. ஜட்டியின் இடுப்புப் பட்டையில் இருக்கிறது. உலகத்துக்கே பனியனும் ஜட்டியும் தைத்தனுப்பும் பிரதேசத்தில் வசிக்கும் நான், வேட்டியின் மறைவில் எத்தனை பேர் வி.ஐ.பி.களாக நடமாடுகிறார்கள் என்று எண்ணி எண்ணி வியந்ததுண்டு. 2014-ஆம் ஆண்டில் ‘வேலையில்லா பட்டதாரி’ என்றொரு சினிமா வந்து, உத்தியோகமற்றவனுக்கும் அதே மூன்றெழுத்தைப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டது. திருமலையிலோ சாட்சாத் வேங்கடாசலபதியே ‘வி.ஐ.பி. பிரேக்’ தரிசனம் தந்தருளுகிறார்; ஆண்டவன் சந்நிதியிலேயே இப்படியானால், கல்யாண மண்டபத்துக் கறுப்புச் சட்டையை நொந்து என்ன பயன்? இருந்தாலும் நொந்துகொள்கிறேன்.

யோசனையை நான் மறந்துவிடவில்லை. ‘வி’ கிட்டாதவர்களுக்கும் நம் பக்கத்தில் ஆறுதல் உண்டு. நாலு பவர்டேபிள் போட்டவர் எம்.டி.; அவரே தையற்காரர்களுக்கு ஓனர். ஆர்டர் கொடுப்பவர் பெரிய பார்ட்டி. பேமெண்ட் தாமதமானால் ‘பெரிய’ உதிர்ந்து வெறும் பார்ட்டி. இவற்றுள் எதுவுமே ஆகாத என் போன்றோருக்கு ‘பாஸ்’ என்ற பட்டம் மிஞ்சுகிறது. ஆனால், "கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க பாஸ்" என்று வண்டியை நகர்த்தச் சொல்லும்போதுதான் அது எனக்கு வழங்கப்படுகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் இருந்தன. புத்தாண்டிலும் சக்கரவர்த்தியின் ஜன்மதினத்திலும் பட்டியல் பிரசுரமாகும். இன்னார் பெரியவர் என்று ஊர் தெரிந்துகொண்டு, முன்னால் வணங்கிப் பின்னால் ஏசும். 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனம், ராணுவ, கல்விப் பட்டங்கள் நீங்கலாக, ராஜாங்கம் பட்டம் சூட்டும் வழக்கத்தைத் தன் 18-ஆவது ஷரத்தில் ஒழித்தது. 2017 மே முதல் தேதியோடு மந்திரிகளின் கார் உச்சியில் சுழன்ற சிவப்பு விளக்கும் இறங்கிற்று. சோபா மட்டும் இறங்கவில்லை. பட்டம் சூட்டும் அதிகாரம் சக்கரவர்த்தியிடமிருந்து வாடகைக்கு நாற்காலி போடுகிறவரிடம் வந்து சேர்ந்ததே சுதந்திரத்தின் பலன் என்று எவராவது என்னிடம் சமாதானம் சொன்னால், அவரோடு நான் பேசுவதாக இல்லை.

மெய்யாகவே நம் ஊரின் கீர்த்தியைப் பரப்புவது யார் என்று யோசித்தால், அது கறிக்கோழியே. பல்லடம் பண்ணை விலை கிலோ இவ்வளவு என்று பத்திரிகைகள் நாள் தவறாமல் அதன் க்ஷேமத்தை அறிவிக்கின்றன. விலை பத்து ரூபாய் சரிந்தால் கடைவீதியே துக்கம் அல்லது ஆனந்தம் கொண்டாடுகிறது. இத்தனை கௌரவம் பெற்ற அந்தப் பிராணி ஒரு நாளும் முன்வரிசை கேட்டதில்லை; நேரே இலைக்கு வந்துவிடுகிறது.

இனி யோசனைக்கு வருவோம் என்று பேனாவை எடுத்தேன். ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டதாகப் பத்திராதிபர் சொல்லியனுப்பியிருக்கிறார். மிச்சமுள்ள அரைப் பக்கத்தில் ஒரு முன்னாள் சேர்மனின் மணிவிழா வாழ்த்து, வர்ணத்தில் வருகிறதாம்.